எண்பதில் நடுங்கும் ஸ்டியறிங்

மல்லாவியிலிருந்து கிளிநொச்சிக்குத் தினமும் வேலைக்குப் போய்வரும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். அவரிடம் இருப்பது 1998ஆம் ஆண்டு டொயோட்டா 110 கரோலா. மாங்குளம் சந்தியில் ஏ9 வீதிக்கு ஏறி வேகம் 65ஐத் தாண்டியதும் ஸ்டியறிங் மெல்ல நடுங்கத் தொடங்குகிறது. 80இல் உச்சம். ஒருமுறை 95 வரை போனபோது குறைந்தது போல் இருந்ததாம். நான்கு மாதங்களுக்கு முன் பாவித்த அலோய் ரிம் நான்கு வாங்கிப் போட்டிருக்கிறார். இரண்டு தடவை வீல் பலன்ஸ் (ரிம்மில் சிறு ஈயத் துண்டுகள் அடித்துச் சக்கரத்தின் எடையைச் சுற்றிலும் சமமாக்குவது) செய்தும் நடுக்கம் போகவில்லை. கடைசியாகக் காட்டிய இடத்தில், ஸ்டியறிங்கின் திருப்பத்தைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் ரக்கையும், குலுக்கலைத் தாங்கும் முன் ஷொக் இரண்டையும் மாற்ற வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். மாற்றலாமா என்பதுதான் கேள்வி.

மாற்ற வேண்டாம், தம்பி. இப்போதைக்கு எந்த உதிரிப்பாகமும் வாங்க வேண்டாம். 2020 மார்ச்சிலிருந்து 2025 வரை வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்ததால், எங்கள் பக்கத்தில் இருபத்தைந்து வருடம் ஓடிய கார்களைத்தான் எல்லோரும் பொத்திப் பொத்தி வைத்து ஓடுகிறோம். அப்படிப்பட்ட காரில் எதைக் கழற்றிப் பார்த்தாலும் தேய்மானம் தெரியத்தான் செய்யும். தேய்ந்திருப்பது எல்லாம் உங்கள் நடுக்கத்துக்குக் காரணம் என்று ஆகிவிடாது. நடுக்கம் எங்கே பிறக்கிறது என்று கண்டுபிடித்த பிறகுதான் காசை எடுக்க வேண்டும்.

அதற்கு முன் ஒரு காரியம். நாளைக் காலை காரை எடுக்கும் முன்பே நான்கு சக்கரங்களின் வீல் நட்டுகளையும் ஸ்பனர் போட்டு இறுக்கிப் பாருங்கள். ஒவ்வொரு ரயரின் பக்கச் சுவரையும், முடிந்தால் உள்பக்கச் சுவரையும், கையால் தடவிப் பாருங்கள். எங்காவது முட்டை போல் புடைத்திருந்தால் அந்த ரயரோடு மாங்குளம் வரைகூடப் போகக் கூடாது. நட் இளகிய சக்கரமும் உள்ளே பிரிந்த ரயரும் தொடக்கத்தில் காட்டுவது இதே நடுக்கத்தைத்தான். மற்றக் காரணங்களை ஆறுதலாகத் தேடலாம். இந்த இரண்டையும் ஒருநாள்கூடத் தள்ளி வைக்கக் கூடாது.

இனி உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கும் தடயங்களைப் பார்ப்போம். நடுங்குவது ஸ்டியறிங். இருக்கையோ தரையோ நடுங்குவதாக நீங்கள் சொல்லவில்லை. ஆகவே முன் சக்கரங்களைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். பின் சக்கரம் நடுங்கினால் அது பெரும்பாலும் இருக்கையின் அடியிலும் முதுகிலும் தெரியும். அடுத்தது, நடுக்கம் ஒரு வேகத்தில் தொடங்கி, ஒரு வேகத்தில் உச்சத்துக்குப் போய், அதைத் தாண்டினால் அடங்குகிறது. சக்கரத்தின் எடை ஒரு பக்கம் கூடியிருப்பதற்கு இதைவிடத் தெளிவான அறிகுறி கிடையாது. சக்கரமும் அதைத் தாங்கும் கைகளும் புஷ்களும் சேர்ந்து இயல்பாகவே ஆட விரும்பும் ஒரு வேகம் உண்டு. சக்கரத்தின் சுழற்சி அந்த வேகத்தோடு ஒத்துப் போகும்போது ஆட்டம் பெரிதாகிறது. தாண்டியதும் ஒத்து வராமல் குறைகிறது. நன்றாக வளைந்த ரிம்மும், தொடக்க நிலையைத் தாண்டி நன்றாகப் பிரிந்துவிட்ட ரயரும் பெரும்பாலும் இப்படி நடந்துகொள்வதில்லை. அவை 30, 40 வேகத்திலேயே தொட்டில் போல் ஆட்டத் தொடங்கிவிடும்.

உங்கள் காரின் ரயர் 175/65 ஆர் 14 என்றால் அதன் சுற்றளவு ஏறத்தாழ 1.83 மீற்றர். 80 கிலோமீற்றர் வேகத்தில் அது ஒரு விநாடிக்கு 12 தடவை சுற்றுகிறது. ரிம்மின் விளிம்பில் 30 கிராம் கூடுதலாக இருந்தால், அந்த வேகத்தில் அது மூன்று கிலோ எடை இழுப்பது போன்ற விசையோடு சக்கரத்தை வெளியே இழுக்கிறது. அதுவும் நிலையாக ஒரு திசையில் அல்ல. விநாடிக்கு 12 தடவை மேலும் கீழும் முன்னும் பின்னும் இழுக்கிறது. வேகம் இரு மடங்கானால் இந்த விசை நான்கு மடங்காகும்.

தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்குள் இருந்தபோது வன்னியில் மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் மண்ணெண்ணெயில் ஓடின. கொஞ்சம் பெற்றோல் விட்டு எஞ்சினைக் கிளப்பி, சூடு ஏறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். அன்றைய வீதியில் 30இல் போனாலே பெரிய காரியம். 80இல் இழுக்கும் விசையில் ஏழில் ஒரு பங்குதான் 30இல் இருக்கும். அதுவும் குழிகளின் குலுக்கலில் மறைந்து போய்விடும். அந்தக் காலத்தில் சக்கரம் நடுங்குகிறது என்று ஒருவர்கூட என்னிடம் வந்ததாக நினைவில்லை. 2009க்குப் பிறகு ஏ9 காப்பெற் வீதியாக மாறியபோதுதான் இந்த முறைப்பாடு எங்கள் கராச்சுகளுக்கு வந்து சேர்ந்தது. வீதி மிருதுவானதும், அதுவரை ஒளிந்திருந்த சக்கரக் குறைகள் எல்லாம் கைக்குத் தெரியத் தொடங்கின. ஏ9இல் நகரங்களுக்கு வெளியே கார்களுக்கு 70தான் வேக எல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். வயல் விதைத்த மாரி காலத்தில் மாடுகள் எல்லாம் வீதியில்தான் படுத்திருக்கும். நடுக்கத்தைச் சோதிப்பதற்காக 90, 95 என்று இனிமேல் ஓட்ட வேண்டாம். 65இல் தொடங்குகிறது என்பதே எனக்குப் போதுமான தகவல்.

காசு செலவில்லாத சோதனையிலிருந்து தொடங்குங்கள். மல்லாவிப் பக்கத்து உள்வீதிகள் கிறவல் வீதிகள். மழைக்கு அந்தச் சிவந்த களி ரிம்மின் உள்குழிக்குள் அப்பிக்கொள்ளும். வெளியிலிருந்து பார்த்தால் அலோய் ரிம் பளபளவென்று இருக்கும். சக்கரத்தைக் கழற்றித் திருப்பினால்தான் உள்ளே ஒரு பக்கமாகக் கல்லுப் போல் இறுகிப் போயிருக்கும் மண் தெரியும். ஒருமுறை வயல் வாய்க்கால் கடந்து வந்த வான் ஒன்றின் ரிம்மிலிருந்து நான் சுரண்டி எடுத்த மண்ணைத் தராசில் வைத்தபோது 90 கிராம் இருந்தது. அந்த மண்ணோடேயே போய் பலன்ஸ் செய்திருந்தார்கள். எதிர்ப் பக்கத்தில் ஈயம் அடித்துச் சரிக்கட்டியிருந்தார்கள். ஒரு வாரத்தில் மண் பாதி உதிர, மறுபடி நடுக்கம் வந்துவிட்டது. ஆகவே பலன்ஸ் செய்யக் கொண்டுபோகும் முன் நான்கு ரிம்களின் உள்புறத்தையும் மரக்குச்சியால் சுரண்டித் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். ரயரின் பட்டை இடுக்குகளில் சிக்கிய கற்களையும் எடுத்துவிடுங்கள்.

கழுவிய பிறகும் நடுக்கம் இருந்தால் முன் சக்கரங்கள் இரண்டையும் அதே பக்கத்தில் பின்னுக்கும், பின் சக்கரங்களை முன்னுக்கும் மாற்றிப் பூட்டி அதே வீதியில் ஓடிப் பாருங்கள். ஸ்டியறிங் அமைதியாகி இருக்கை நடுங்கினால் குறை அந்த இரண்டு சக்கரங்களோடு பின்னுக்குப் போய்விட்டது என்று பொருள். எதுவுமே மாறாமல் ஸ்டியறிங் அதேபோல் நடுங்கினால் ஹப் (சக்கரம் பூட்டப்படும் நடுப்பகுதி), பிறேக் டிஸ்க், பெயாரிங் என்று பார்க்க வேண்டும், அல்லது நான்கு ரிம்களுக்கும் ஒரே குறை இருக்க வேண்டும். உங்கள் விடயத்தில் நான் சந்தேகிப்பது அந்தக் கடைசிக் காரணத்தைத்தான்.

ஏனென்றால், நடுக்கம் எப்போது தொடங்கியது என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் ரிம் போட்டது நான்கு மாதங்களுக்கு முன் என்று எழுதியிருக்கிறீர்கள், பலன்ஸ் செய்தது இரண்டு தடவை என்றும் எழுதியிருக்கிறீர்கள். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். பலன்ஸ் இயந்திரம் சக்கரத்தை அதன் நடுத்துளையில் ஒரு கூம்பை வைத்துப் பிடிக்கிறது. ஆகவே இயந்திரத்தில் சக்கரம் மிகச் சரியாக நடுவில் நின்று சுற்றும். உங்கள் காரில் அது அப்படி நடுவில் நிற்கிறதா என்பதுதான் இங்கே கேள்வி.

110 கரோலாவின் ஹப்பில் நடுவே துருத்தி நிற்கும் கழுத்தின் விட்டம் 54.1 மில்லிமீற்றர். டொயோட்டாவின் சொந்த ரிம்மின் நடுத்துளையும் அதே அளவு. போட்டால் கழுத்தில் கச்சிதமாக உட்கார்ந்துகொள்ளும். சந்தையில் விற்கும் பொது அலோய் ரிம்களின் நடுத்துளை 67.1 அல்லது 73.1 என்று பெரிதாகவே இருக்கும். எந்தக் காருக்கும் பூட்டலாம் என்பதற்காக அப்படிச் செய்கிறார்கள். இடைவெளியை நிரப்ப ஒரு ஹப் வளையம் போட வேண்டும். பாவித்த ரிம் வாங்கும்போது அந்த வளையம் பழைய காரிலேயே தங்கிவிடும், அல்லது உடைந்து தொலைந்திருக்கும். ஹொண்டாக் கார் ஒன்றிலிருந்து கழற்றிய ரிம் என்றால் துளை 56.1 மில்லிமீற்றர். நான்கு நட்டுகளின் இடைவெளி ஒன்றேதான், நட்டின் மரையும் ஒன்றேதான், கையில் எடுத்துப் போட்டால் அழகாகப் பொருந்திவிடும். ஆனால் கழுத்தைச் சுற்றி இடம் இருக்கும். சக்கரம் அரை மில்லிமீற்றர் ஒரு பக்கம் ஒதுங்கி உட்காரலாம்.

அரை மில்லிமீற்றர் ஒரு பொருட்டா என்று நினைக்க வேண்டாம். ரயரோடு சேர்ந்து 14 கிலோ எடையுள்ள சக்கரம் அரை மில்லிமீற்றர் விலகிச் சுற்றினால், அது ரிம் விளிம்பில் 39 கிராம் ஈயம் கூடுதலாக ஒட்டியதற்குச் சமம். இயந்திரம் சுழியம் என்று காட்டிய சக்கரம் உங்கள் காரில் 39 கிராம் பிழையோடு ஓடும். எத்தனை தடவை பலன்ஸ் செய்தாலும் இது போகாது. ஒவ்வொரு தடவை கழற்றிப் பூட்டும்போதும் விலகும் திசை மாறுவதால், ஒருநாள் நன்றாக ஓடி மறுநாள் நடுங்கும்.

நட்டையும் பாருங்கள். டொயோட்டாவின் இரும்பு ரிம்முக்கு வரும் நட்டின் முகம் 60 பாகைக் கூம்பு. ஹொண்டாவின் சொந்த ரிம்மில் நட் அமரும் குழி கிண்ணம் போல் உருண்டையாக இருக்கும். டொயோட்டாவின் சில அலோய் ரிம்களுக்குத் தட்டையான வோஷரோடு வரும் வேறு வகை நட் வேண்டும். உருண்டைக் குழிக்குள் கூம்பு நட்டை இறுக்கினால் அது ஒரு மெல்லிய கோட்டில் மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கும். சக்கரம் நடுவுக்கு வராது. அதைவிட மோசம், ஓட ஓட அந்தக் கோடு நசிந்து நட் இளகும். ஒரு நட்டைக் கழற்றி வெயிலில் பிடித்துப் பாருங்கள். கூம்பின் முகம் முழுவதும் பளபளப்பாகத் தேய்ந்திருந்தால் நல்லது. நகத்தின் தடிப்பில் ஒரே ஒரு வளையம் மட்டும் மினுங்கினால் அந்த நட் உங்கள் ரிம்முக்கு உரியது அல்ல.

துளையைச் சோதிக்க ஒரு வேர்னியர் அளவுகோல் போதும். அதுவும் இல்லாவிட்டால், சக்கரத்தைக் கழற்றி ஹப்பின் முகத்தையும் ரிம்மின் பின்முகத்தையும் கம்பித் தூரிகையால் துரு போகத் தேயுங்கள். சக்கரத்தை நட் இல்லாமல் ஹப்பில் வைத்து மேலும் கீழும் அசையுங்கள். கழுத்தில் உட்கார்ந்திருந்தால் அசையாது. டக் டக் என்று அசைந்தால் விடயம் தெரிந்துவிட்டது. தேய்க்காமல் விடாதீர்கள். அந்த முகத்தில் ஒட்டிய ஒரு துருச் செதிலே சக்கரத்தைச் சாய்த்து உட்கார வைத்துவிடும்.

கார் ஜக்கில் நிற்கும்போது கீழே உறுதியான தாங்கி வைக்காமல் இந்த வேலை எதையும் தொட வேண்டாம்.

அடுத்தது ரயர். பட்டை நிறைய இருக்கிறது என்பதை மட்டும் பார்த்து ஏமாறுகிறவர்கள் எங்கள் பக்கத்தில் அதிகம். ஓட்டம் குறைவு, வெயில் அதிகம் என்பதால் பட்டை தேயும் முன்பே ரப்பர் கிழடாகிவிடுகிறது. பக்கச் சுவரில் முட்டை வடிவக் கட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2317 என்றால் 2017ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. ஆறு வருடம் தாண்டியதை ஒவ்வொரு மாதமும் பாருங்கள். பத்தைத் தொட்டதைப் பட்டை எப்படி இருந்தாலும் கழற்றிவிடுங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் நிசான் சன்னிக் காரில் நான் கண்டதைச் சொல்கிறேன். கோவிலுக்கும் வங்கிக்கும் மட்டும் ஓடிய கார். பட்டையில் ரப்பர் முள் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. ஆனால் 40இலேயே கார் தாலாட்டியது. முன் இடது சக்கரத்தைத் தூக்கி, ஒரு கல்லின் மேல் கையை ஊன்றி, வெண்கட்டித் துண்டை ரயரின் பட்டைக்கு ஒரு நூல் இடைவெளியில் அசையாமல் பிடித்துக்கொண்டு, மற்றவரை மெதுவாகச் சுற்றச் சொன்னேன். வட்டம் சரியாக இருந்தால் வெண்கட்டி எங்கும் தொடாது, அல்லது எங்கும் ஒரே மாதிரித் தொடும். அந்த ரயரில் ஒரு சாண் நீளத்துக்கு மட்டும் வெள்ளைக் கோடு விழுந்தது. அந்த இடத்தைப் பெருவிரலால் அழுத்தினால் மற்ற இடத்தைவிட மெத்தென்று இருந்தது. உள்ளே கம்பி வலை ரப்பரை விட்டுப் பிரிந்துவிட்டது. ரயர் ஒன்பது வருடம் பழையது. ஆசிரியர் அதோடு யாழ்ப்பாணம் போய்வரத் திட்டமிட்டிருந்தார். இதே வெண்கட்டியை ரிம்மின் விளிம்புக்கும் பிடியுங்கள். உள்விளிம்புக்கும் பிடியுங்கள், ஏனென்றால் குழியில் விழும் ரிம் பெரும்பாலும் உள்பக்கத்தில்தான் முதலில் வளைகிறது. ரயரின் ஏற்ற இறக்கம் ஒன்றரை மில்லிமீற்றருக்கு மேல் போனால் எந்த ஈயமும் அதைச் சரியாக்காது.

ரிம்மும் ரயரும் நேர் என்று தெரிந்த பிறகுதான் மூன்றாவது தடவை பலன்ஸ். இந்தத் தடவை பக்கத்தில் நில்லுங்கள். பழைய ஈயங்கள் முழுவதையும் கழற்றச் சொல்லுங்கள். பலன்ஸ் முடிந்து சுழியம் காட்டியதும், சக்கரத்தை இயந்திரத்தில் இளக்கி அரை வட்டம் திருப்பி மறுபடி இறுக்கி ஓடவிடச் சொல்லுங்கள். 5 கிராம் காட்டினால் பரவாயில்லை. 15, 20 என்று காட்டினால் இயந்திரத்திலேயே சக்கரம் நடுவில் உட்காரவில்லை. கூம்பு தேய்ந்திருக்கிறது அல்லது அளவு பிழை. மரியாதையாகக் கேட்டால் செய்து தருவார்கள். வேலை தெரிந்தவர் இதைக் கேட்டுக் கோபிக்க மாட்டார்.

மற்றக் காரணங்கள் உங்களுக்குப் பொருந்தும் என்று நினைக்கவில்லை. ஆனாலும் விலக்கிவிட வேண்டும். பிறேக் மிதிக்கும்போது மட்டும் நடுங்கினால் டிஸ்க்கின் தடிப்பு ஏற்ற இறக்கமாகியிருக்கிறது. ஒரு மில்லிமீற்றரின் நூறில் இரண்டு மூன்று பங்கு வித்தியாசமே காலுக்குத் தெரியும். வேகம் கூட்ட மிதிக்கும்போது நடுங்கி, காலை எடுத்ததும் நின்றால், எஞ்சினின் இழுவையைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் தண்டின் உள்பக்க மூட்டான சீ.வி. ஜொயின்ட். உறுமல் சத்தம் வந்து, அது வளைவில் ஒரு பக்கம் கூடி மறுபக்கம் குறைந்தால் பெயாரிங். காரை நாட்கணக்காக நிறுத்தி வைத்து எடுத்தால் ரயரின் அடி தட்டையாகிச் சில கிலோமீற்றர் நடுங்கும், சூடேறியதும் தானே போய்விடும்.

பிறேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்பதை அறிய ஒரு வழி உங்கள் பாதையிலேயே இருக்கிறது. முறிகண்டிப் பிள்ளையாரடியில் எப்படியும் நிறுத்துவீர்கள். கடைசி நூறு மீற்றரைப் பிறேக் குறைவாகப் பிடித்து உருட்டிக்கொண்டு வந்து நிறுத்துங்கள். கும்பிடப் போகும் முன் நான்கு ரிம்களின் நடுப்பகுதிக்கும் அருகில் புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். தொட வேண்டாம், முதலில் வெக்கையை மட்டும் உணருங்கள். முன் இரண்டும் ஒரே அளவு, பின் இரண்டும் ஒரே அளவு இருக்க வேண்டும். ஒன்று மட்டும் அடுப்புப் போல் வீசினால் அந்தச் சக்கரத்தின் பிறேக் அல்லது பெயாரிங் தனியாகக் கவனிக்க வேண்டியது.

இப்போது ரக்குக்கும் ஷொக்குக்கும் வருகிறேன். சக்கரத்தைத் தாங்கவும் திருப்பவும் இருக்கும் ரை ரொட், போல் ஜொயின்ட், லோவர் ஆம் புஷ், ரக் இவை எதுவும் சுற்றுவதில்லை. சுற்றாத பொருள் விநாடிக்கு 12 தடவை நடுக்கத்தை உண்டாக்காது. தேய்ந்து போனால், சக்கரம் உண்டாக்கும் நடுக்கத்தைத் தடுக்காமல் உங்கள் கைக்குக் கொண்டு வந்து விடும். புதுக் காரில் 20 கிராம் பிழை ஒருவருக்கும் தெரியாது. பழைய காரில் அதே 20 கிராம் ஸ்டியறிங்கை ஆட்டும். ஆகவே அவற்றையும் பாருங்கள். முன் சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து அசைத்தால் ஆட்டம் தெரிகிறதா, பக்கவாட்டில் பிடித்து அசைத்தால் தெரிகிறதா என்று பாருங்கள். பக்கவாட்டில் மட்டும் ஆடினால் ரை ரொட் அல்லது ரக். மேல் கீழாக ஆடினால் இன்னொருவரைப் பிறேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் பெயாரிங், நிற்காவிட்டால் போல் ஜொயின்ட். எதுவும் ஆடவில்லை என்றால் ரக் மாற்றச் சொன்னவருக்கு என்ன அடையாளம் தெரிந்தது என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. ஷொக்கில் எண்ணெய் வடிந்திருந்தால் ஒருநாள் மாற்றத்தான் வேண்டும், ஆனால் அது இந்த நடுக்கத்தின் கணக்கில் வராது. சக்கரங்கள் நிற்கும் கோணத்தைச் சரிசெய்யும் வீல் எலைன்மென்ற் செய்தால் போய்விடும் என்று ஒருவர் சொல்லக்கூடும். எலைன்மென்ற் பிழைத்தால் கார் ஒரு பக்கம் இழுக்கும், ரயர் ஓரமாகத் தேயும். அதனால் இப்படி நடுங்காது.

உங்களுக்கு நான் சொல்லும் ஒழுங்கு இதுதான்: கழுவுங்கள், ஹப் முகத்தைத் தேயுங்கள், துளையையும் நட்டையும் பாருங்கள். துளை பெரிது என்றால் உள்விட்டம் 54.1, வெளிவிட்டம் உங்கள் ரிம்மின் அளவு என்று சொல்லி ஹப் வளையம் நான்கு தேடுங்கள். கிடைக்காவிட்டால் கடைசல் பட்டறையில் அலுமினியத்தில் கடைந்து தருவார்கள். பழைய இரும்பு ரிம்களை நீங்கள் விற்காமல் வைத்திருந்தால் அதைவிட எளிய வழி இருக்கிறது. ரயர்களை அவற்றுக்கே மாற்றி ஒரு வாரம் ஓடிப் பாருங்கள்.

பூட்டும்போது சக்கரம் தூக்கிய நிலையிலேயே நான்கு நட்டுகளையும் கையால் முடிந்தவரை திருகி, சக்கரத்தை ஆட்டி நடுவில் உட்கார வைத்து, எதிரெதிராக இரண்டு மூன்று சுற்றில் இறுக்குங்கள். கரோலாவுக்குரிய இறுக்கம் 103 நியூட்டன் மீற்றர். ஓர் அடி நீள ஸ்பனரின் நுனியில் ஏறத்தாழ 35 கிலோ அழுத்துவதற்குச் சமம். காலால் ஏறி நின்று இறுக்கினால் அதைத் தாண்டிவிடும், போல்ட் நீண்டுவிடும். மரையில் எண்ணெயோ கிறீஸோ பூச வேண்டாம். அலோய் ரிம் முதல் ஓட்டத்தில் சற்று அமரும். ஆகவே கிளிநொச்சி போய் வீடு திரும்பிய அன்று மாலை, சக்கரம் ஆறிய பிறகு, ஸ்பனரை எடுத்து நான்கையும் இன்னொரு முறை இறுக்கிப் பாருங்கள்.